ஏழாம் படுக்கை

குறுந்தகடு விழுங்கும் வாய்
வேகன் ஆரில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது.
அதனால் இரவு ஒன்பதரைக்கு,
ஞானஒளிவுபுரத்தில், என் வீட்டு வாசலிலேயே,
எங்கும் போகாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
எதிர்வீட்டு ரீட்டா எட்டிப் பார்க்கிறாள்:
"என்ன அமலோற்பவம், வீட்டுல சண்டையா?"
இல்லையென்று கையை ஆட்டுகிறேன்.
ஆமாமென்று எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

அட்டையில் ஒரு துறைமுகச் சுவர். மழை.
சுவரில் சாய்த்த கிட்டார் உறை;
உள்ளே கிட்டார் இருக்கிறதா தெரியவில்லை.
கோர்மக் லீஹான், வயது எழுபத்து மூன்று,
பத்துப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம்.
எனக்கு அவர் பெயர் அதுவல்ல.
கார்க் நகரத்து ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி,
ஏழாம் படுக்கை.
டீக்குச் சர்க்கரை மூன்று. டாக்டர் கேட்டால் ஒன்று.

பாடகர் என்று வார்டே கிசுகிசுத்தது.
தரை துடைக்க வந்தவள்
மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு
அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
அவள் விட்டபிறகு
அதே கையில் நான் நரம்பு தேடினேன்.
கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்ப்பு.
ஆக்சிஜன் கிளிப் எண் காட்ட மறுத்தது.
காது மடலில் மாட்டினேன். எண்பத்தொன்பது.

ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குக் கேட்டார்:
உங்கள் ஊரில் ஆறு உண்டா?
உண்டு, தண்ணீர்தான் கிடையாது என்றேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
முதுகைத் தாங்கினேன். ஓய்ந்ததும் சொன்னார்:
இதை நான் எடுத்துக்கொள்கிறேன்,
ஒரு பாட்டுக்கு ஆகும்.

வண்டியைக் கிளப்புகிறேன்.
வைகைக் கரைச் சாலை.
முதல் பாட்டில் ஒரு படகை விற்கிறார்.
இரண்டாவதில் அண்ணனோடு வரப்புத் தகராறு,
முப்பது வருஷம் பேச்சில்லை,
அண்ணன் போய்விட்டார், வரப்பு இருக்கிறது என்று
நாலு தரம் பாடுகிறார்.
ஐந்தாவது தரம் பிடில் மட்டும்.
சோழவந்தானில் என் சித்தப்பாக்கள் இதையே
முன்சீப் கோர்ட்டில் பாடினார்கள், பிடில் இல்லாமல்.

பாதி வார்த்தை பிடிபடவில்லை.
அங்கே இருந்த ஒன்பது வருஷமும் அப்படித்தான்.
வலிக்கிறது என்பது மட்டும்
எந்த உச்சரிப்பிலும் புரிந்துவிடும்.

நாலாவதில் டிரம்ஸ் முழங்குகிறது,
கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது.
ஐந்தாவது, மனைவியின் மழைக்கோட்டு:
அடக்கம் முடிந்து வந்து பையைத் துழாவினால்
ஒரு பஸ் டிக்கெட்,
அவர் கேள்விப்படாத ஊருக்கு.
யாரைப் பார்க்கப் போனாளென்று பாட்டு சொல்லவில்லை.
கடைசிவரை சொல்லும் சொல்லும் என்று இருந்தேன்.

என் ஆறு எங்கே?
ஆறாவதில் இல்லை. ஏழாவதில் கடல்தான்.
வலது பக்கம், ஆகாயத்தாமரைக்கு நடுவே
வாய்க்கால் அகலத்துக்கு ஏதோ மினுங்குகிறது,
ஹெட்லைட்டோ தண்ணீரோ.
காகிதத்தில் நன்றிப் பட்டியல் பார்த்தாயிற்று:
ஒலிப்பதிவாளர், வங்கி மேலாளர், ஒரு நாய்.
எனக்குக் கோபம் இல்லை.
கொஞ்சம் இருக்கிறது.

குரு தியேட்டர் சிக்னல். சிவப்பு, தொண்ணூற்று நான்கு.
எட்டாவது பாட்டு, கிட்டாரும் அவரும் மட்டும்.
இரண்டாம் அடி முடிந்து மூன்றாவது எடுக்குமுன்
ஓர் இருமல்.
சின்னது. நறுக்கி எறிந்திருக்கலாம், விட்டுவைத்திருக்கிறார்கள்.
கேட்பவர்கள் நினைப்பார்கள், வயது, உருக்கம் என்று.
எனக்குத் தெரியும்:
இடப்பக்கம், அடி மடல், நீர் முழுக்க வற்றவில்லை.
மருந்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார், கள்ளர்.

பொத்தானை அழுத்திப் பின்னால் போகிறேன்.
மறுபடி இருமல்.
மறுபடி.
இந்தத் தட்டில் எனக்கு முழுக்கப் புரிந்த இடம்
இதுதான்.
என்னையறியாமல் ஸ்டியரிங்கிலிருந்து கை எழுந்து
பக்கத்துக் காலி சீட்டின் முதுகில் பதிகிறது.
மெதுவா, மெதுவா, என்கிறேன் தமிழில்,
மூக்கு வழியா இழுங்க,
அப்படித்தான், இப்ப விடுங்க.

பின்னால் ஆட்டோ, பஸ், பால்வண்டி, அத்தனை ஹாரனும்.
பச்சை விழுந்து
எவ்வளவு நேரமாகிறதோ.