இரவில் வெளியே வைக்கப்படுபவை

ஒன்பது மணி அடித்ததும்
பூக்களைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும்.
ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனை, ஆண்கள் பிரிவு,
பதினான்கு படுக்கை, ஒன்பது ஜாடி.
இரவில் பூக்கள் நோயாளியின் காற்றைக் குடித்துவிடுமாம்.
யார் அளந்து பார்த்தது என்று கேட்டேன்.
சிஸ்டர் ஓல்ட்ராய்ட் சொன்னார்:
"அளக்க நேரமிருந்தால் பெட்பேன்களைக் கழுவு."

நடைபாதை ஜன்னலோரம் இறக்கி வைப்பேன்.
வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் மாதிரி
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும்.

எது உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது,
எங்கும் எழுதி வைக்காதது.
லைலாக் கூடாது. வாசனைக்குப் பின்னாலேயே சவப்பெட்டி வரும்.
மே மாதத்து முள்மரப்பூ வாசலையே தாண்டக் கூடாது,
அதில் கொள்ளைநோய்க் கால லண்டன் வீசுகிறது என்பாள்
தரை துடைக்கும் நெல்லி,
லண்டனைப் பார்த்ததே இல்லை அவள்.
பனித்துளிப்பூ குனிந்த தலை, வெள்ளைத் துணி,
ஒற்றையாய் வந்தால் இன்னும் மோசம்.
எல்லாவற்றுக்கும் மேலே,
சிவப்பும் வெள்ளையும் ஒரே ஜாடியில்.
ரத்தமும் கட்டுத்துணியும்.
விடிவதற்குள் யாரோ ஒருவர் போய்விடுவார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு
ஐவி சக்டன் வந்தார், நனைந்த தொப்பியுடன், இரண்டு பேருந்து மாறி,
கை கொள்ளாத டேலியா.
கிளிஃபர்ட் நட்டவை.
சாயப்பட்டறையில் நாற்பது வருஷம் நின்றவர்,
நிறம் என்றால் நிறமாக இருக்க வேண்டும் அவருக்கு:
ரத்தச் சிவப்பு, சுண்ணாம்பு வெள்ளை,
நடுவில் ஒன்றும் கிடையாது.

சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை.
கொத்தை வாங்கி, பணம் எண்ணுகிறவரைப் போலப் பிரித்தார்:
ஏழு இங்கே, ஆறு அங்கே.
சிவப்பு கிளிஃபர்டுக்கு.
வெள்ளைக்கு ஜாடி மிச்சமில்லை,
பக்கத்துப் படுக்கை திரெல்ஃபாலின்
தண்ணீர்க் கூஜாவில் செருகினார்.

திரெல்ஃபாலைப் பார்க்க மூன்று வாரமாக யாரும் வந்ததில்லை.
அவர் மேசைமேல் ஒரு பல்செட்,
குதிரைப் பந்தய முடிவுகள்.
"இது யாருடையது?"
"உங்களுடையதுதான்."
"முகவரி தப்பு" என்றார்.
ஆனால் அன்று முழுக்கத் தண்ணீர் கேட்கவில்லை.

இரவு வண்டியைத் தள்ளினேன்.
நடைபாதையில் இரண்டும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன.
சுற்றிலும் பார்த்துவிட்டு
நடுவில் ஒரு சாமந்தியை நகர்த்தி வைத்தேன்.

பிறகு மருந்துச் சுற்று.
கிளிஃபர்டின் நாக்கில் சின்னதாய் ஒரு மாத்திரை,
நரிக்கையுறைச் செடியின் இலையிலிருந்து வருவது.
குட்டித் தேவதைகள் விரலில் மாட்டிக்கொள்ளும் பூ;
வீட்டுக்குள் எடுத்து வந்தால்
பிசாசுக்கு நாற்காலி போட்டது போலாம்.
இங்கேயோ பூட்டிய அலமாரியில்,
டாக்டர் கையெழுத்தோடு குடியிருக்கிறது.
இரவிலும் வெளியேற்றப்படாத ஒரே பூ.
நாடியைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணினேன்.
துள்ளியது, தடுக்கியது, மறுபடி நடந்தது.

நான்கு மணிக்கு மூன்றாம் படுக்கை ஸ்டான்ஸ்ஃபீல்ட் இறந்தார்.
அவருக்குப் பூவே வரவில்லை.
மகள் கொண்டுவந்தது திராட்சை.
சிஸ்டர் ஜன்னலைத் திறந்தார்,
உயிருக்கு வழி வேண்டுமாம்.
குளிர்தான் உள்ளே வந்தது.
அளந்தது யாரென்று இந்த முறை கேட்கவில்லை நான்.
ஏழு மணிக்குச் சிவப்பை ஒரு நடை,
வெள்ளையை இன்னொரு நடை என்று
கால் வலிக்க உள்ளே கொண்டுபோனேன்.

அடுத்த ஞாயிறு ஐவி
செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி இரண்டு கட்டு கொண்டுவந்தார்.
"இது நம்மாளுக்கு. அது அந்த முறைக்கிறவருக்கு."

திரெல்ஃபால் சவரம் செய்திருந்தார்.
கைநடுக்கம், கன்னத்தில் ஒரு கீறல்,
அதன்மேல் ஒட்டிய வெள்ளைக் காகிதத் துணுக்கில்
மெல்ல விரிந்துகொண்டிருந்தது ஒரு சிவப்பு.
சிஸ்டர் பார்த்தார்.
பார்க்காதது போல் அடுத்த படுக்கைக்குப் போனார்.