எழுபது பேர்

ஹட்டன் கடைவீதியில் ஏறி இறங்கிய மூன்றாவது கடை.
கண்ணாடிக்குள் உள்ளங்கை அளவில் வீடியோ கெமராக்கள்.
முதலாவது நாற்பத்தொன்பதாயிரம்.
இவர் தொண்டையைச் செருமிவிட்டு
அடுத்ததைப் பார்த்தார்.
ஒரு நாள் கொழுந்துக்கு ஒரு பேர்.
நான் மனசுக்குள் வகுத்தேன்:
நூற்றிருபது பேர்,
மழை வந்து அரைப் பேர் போடாமல் இருந்தால்.

"கலியாண வீடா?" என்றார் நஸ்ருல்லா நானா.
"இல்ல, நம்ம வீட்டுக்கு."
"அப்ப இது எடுங்க. சத்தம் கேட்டுப் பாருங்க,
அந்தப் பக்கம் குருவி கத்தினாலும் புடிக்கும்."
"சத்தம் வேணாம்," என்றார் இவர்.
"சத்தம் வேணாமா?"

நிரோஜி கண்ணாடியில் மூச்சை ஊதி
அதில் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.
நானா அவளைக் கூப்பிட்டார், இரண்டு தரம்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களிடம் பத்தொன்பது சைகைகள் இருந்தன.
தேத்தண்ணி, மழை, அட்டை, மாமா, பசி,
கதவைச் சாத்து.
ஒரு வருஷம் விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு
டிசம்பர் லீவுக்கு வந்தவளின் கைகளில்
சொற்கள் நிறைந்து வழிகின்றன.
அவள் கடுகதி. நாங்களோ
கடுகதி நிற்காத ரொசல்லையில்
கை காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்.
மூன்று தரம் திருப்பிச் சொல்வாள்.
நாலாவது தரம் கையை உதறி
'ஒன்றுமில்லை' என்பாள்.
அந்தச் சைகை மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடை வாசலில் வைத்துப் பார்த்தோம்.
மூட்டத்துக்குள் எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
லென்ஸ் முன்னும் பின்னும் தவித்தது.
நாற்பது மடங்கு கிட்டக் கொண்டுவருமாம்.
எங்கள் காம்பராவில் சுவருக்குச் சுவர் பத்தடி.

"லைட்ட அணைக்க ஏலுமா நானா?
எங்களுக்கு ஒரு பல்புதான்."
அரை இருட்டில் அவள் கையை ஆட்டச் சொன்னோம்.
ஒன்றில் விரல்கள் கூழாய்க் கரைந்தன.
இன்னொன்றில் ஆறு விரல் தெரிந்தது.
மூலையில் பெட்டி நனைந்து காய்ந்த போன வருஷத்து மொடல்,
இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு,
அதில்தான் ஐந்தும் ஐந்தாய் நின்றன.
மெதுவாய் ஓட்டிப் பார்க்க முடியுமா என்றேன்.
நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்தார்.

சீட்டுக் காசில் இரண்டாயிரத்து ஐந்நூறு குறைந்தது.
"மாசக் கடைசில தாங்க," என்றார்.
எழுபது பேர்.

இரவு, ஆணியில் தொங்கிய என் சீலைக்கு முன்னால்
அவளை நிறுத்தி எடுத்தோம்.
அவள் தூங்கின பிறகு
சின்னத் திரைக்கு மேல் இரண்டு தலையும் முட்ட
நிறுத்தி, பின்னே இழுத்து, மெதுவாய் விட்டு
மறுபடியும் பார்த்தோம்.

எதைச் சொல்லத் தொடங்கினாலும்
இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்து
ஒரு திருகு திருகுவாள்.
'இனிப்பு' என்று நினைத்து
இரண்டு கிழமையாய் டொபி வாங்கிக் கொடுத்தோம்.
அதையும் தின்றாள்.

ஓரிடத்தில் வகுப்புப் படத்தைக் கையில் எடுக்கிறாள்.
ஒவ்வொரு பிள்ளையாய்த் தொடுகிறாள்,
ஒவ்வொருத்திக்கும் ஒரு சைகை.
நெற்றியில் ஒன்று, பின்னலில் ஒன்று, நாடியில் ஒன்று.
கடைசி வரிசையில் தன்னைத் தொட்டு
கன்னத்தில் அந்தத் திருகு.

இவர் படத்தை நிறுத்தினார்.
கன்னத்தில் குழி விழுகிற பிள்ளை.
நிரோஜினி என்று நாங்கள் வைத்ததை
அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன்
அவளை எழுப்பி, கன்னத்தில் விரல் வைத்து
அவளைக் கூப்பிட்டேன்.
எழுந்தவள் கெமராவை வாங்கி
எங்களைச் சுவரோரம் நிறுத்தினாள்.
எடுத்தாள். போட்டுப் பார்த்தாள்.
சாயம் ஏறிய என் விரலைத் திரையில் தட்டி
இல்லை என்று தலையாட்டினாள்.
நான் வைத்தது வேறு விரலாம்.

திரும்பவும், என்றாள்.
பெட்டரி சிவப்பாய் மினுங்கியது.
சங்கு ஊதியது.
திரும்பவும்.