பத்து வரை

செந்தூலில், டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பயிற்சியின் மூன்றாம் நாள்.
குளிரைக் குறைக்கும் பொத்தான் யாருக்கும் அகப்படவில்லை.
தாதி தவமலர் துப்பட்டாவைக் காதுவரை சுற்றியிருந்தாள்.

முதலில் நாற்காலிகளை நகர்த்தச் சொன்னார் சியூ பெங்.
பிள்ளைக்கும் கதவுக்கும் நடுவில்
நீங்கள் உட்காரக் கூடாது.
பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியில்
என் மேசை கிடக்கும் இடத்தை நினைத்தேன்.
கதவுக்கு நேர் முன்னால்,
மேலே ஒரு பிளாஸ்டிக் சாமந்தி.

கேட்டபின் பத்து வரை எண்ணுங்கள், மனதுக்குள்.
அந்த மௌனம் உங்களுடையதல்ல, நிரப்பாதீர்கள்.
பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கத் தெரியாதவள்
ஆறில் தடுமாறினேன்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல், நடித்துப் பழகும் நேரம்.
ரஷீதுல்லாவுக்கு இருபத்து மூன்று வயது, மொழிபெயர்ப்பாளன்.
பதினொன்றில் படகேறி வந்தவன்.
‘இப்ப எனக்குப் பதினொன்று’ என்றான்.
செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தான்,
முனை கதவைப் பார்க்க.
அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

வழக்கறிஞர் ரொஸ்லான் மலாயில் கேட்டார்:
யாரோடு வந்தாய்?
தனியாக.
ரொஸ்லான் எண்ணினார், உதடு அசைவது தெரிந்தது.
எட்டில் அவன் சொன்னான்:
‘காமி இரவில் மட்டும் நடந்தோம்.’

காமி.
எனக்கு அது நாங்கள் என்று கேட்டது.
நாம் அல்ல. நாங்கள்.
கேட்பவரை வாசலில் நிறுத்திவிட்டு
உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் சொல்.
படிவமோ ஆங்கிலத்தில்.
அதில் நாமும் நாங்களும் ஒரே சொல், தாழ்ப்பாள் கிடையாது.
‘துணை: இல்லை’ என்ற கட்டத்தின் மேல்
ரொஸ்லானின் பேனா நின்றது.
தனியாக வந்தவனின் நாங்களை
எங்கே எழுதுவது?

மூன்று பேரா, அக்காளா, ஓர் ஆட்டுக்குட்டியா?
கேட்க வாய் திறந்தேன்.
சியூ பெங் என் பக்கம் திரும்பாமலே
உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்.
இன்றைக்கு இல்லை.

மைலோ வந்தது, ஆறிப்போன கறிபாப் வந்தது.
கடைசிப் பாடம் வாக்குறுதி:
கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள்.
தவமலர் நீல மையில் எழுதி அடிக்கோடிட்டாள்.
நான் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஏழாம் வார்டில்,
கால் முறிந்து கிடந்த சின் இனச் சிறுமியிடம்
‘நாளைக்கு வர்றேன்’ என்றிருந்தேன்.
நாளை ஞாயிறு.
திங்கள் காலை அந்தக் கட்டிலில் புது விரிப்பு,
நான்கு மூலையும் இறுக்கி மடித்து.
எங்கே என்று கேட்டேன்.
மூன்று அலுவலகங்கள் மூன்று விதமாகச் சொல்லின.

நாலரைக்கு, நடிப்பு முடிந்தது என்றார்கள்.
ரஷீதுல்லா செருப்பை மாட்டிக்கொண்டான்.
மாடிப்படியில் எனக்கு முன்னே இறங்கியவன்
மழையைப் பார்த்து நின்றுவிட்டான்.
செலாயாங் சந்தையில் மூட்டை தூக்கிக் கற்ற தமிழில்,
திரும்பாமல்:
‘அக்கா, நாளைக்கு வருவீங்களா?’

கேட்டது இருபத்து மூன்றா, பதினொன்றா,
ஏழாம் வார்டா,
தெரியவில்லை.
எண்ணினேன்.
பட்டியலில் என் பெயர் இருக்கிறது.
மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.
காலை ரயில் ஓடும், பெரும்பாலும்.
கையில் வேறென்ன இருக்கிறதென்று
பையைத் துழாவினேன். குடைகூட இல்லை.

‘ஒன்பது மணிக்கு வகுப்பு.
வர முடியலன்னா எட்டரைக்குள்ள போன் பண்ணுவேன்.’

ஆம் என்பதற்கு இவ்வளவு நீளமா என்று
நினைத்திருப்பானோ என்னவோ.
தலையாட்டிவிட்டு,
பையைத் தலைக்குமேல் பிடித்து மழைக்குள் ஓடினான்.

டயர் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
என்னைப் பார்த்தார்.
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினேழு, பதினெட்டு.