தொண்ணூற்றாறு அடி

விடிய எழும்பினால் முதலில் பார்ப்பது
மசகெண்ணெய் விலை.
பீப்பாய் எழுபதுக்கு மேலே என்றால்
டோகாவில் நிரோஷன் இன்னும் வேலையில் இருக்கிறான்.
அறுபதுக்குக் கீழே இறங்கினால்
அவனுடைய காலை வணக்கம் வராது.

எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர்.
இரண்டு பேர் கடல்மேடையில்,
ஏழு பேர் மென்பொருளில், ஒருத்தி வங்கியில்.
ஒருவன் காற்றாலைக்குப் போய்விட்டு
"எண்ணெய் முடிஞ்சுது, நீயும் வா" என்கிறான்.
நான் மல்லாவியில்
யோகநாயகத்தின் குழாய்க்கிணறு லொறியில்.

அம்மா தடைக்காலத்தில்
விசுவமடுச் சந்தியில் போத்தலில் பெற்றோல் விற்றவள்.
ஸ்ரார்ட் எடுக்க நாலு சொட்டு,
பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.
அந்த நாலு சொட்டின் விலைதான்
என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியது.

"மன்னார்க் கடலுக்கை கிடக்காமே,
எப்பயடி எடுப்பாங்கள்?"
"ஆரும் ஏலம் எடுக்க வேணும்."
"எப்ப எடுப்பாங்கள்?"
"விலை ஏறினால்."
"ஏறினபோதுதானே நாங்கள் ரெண்டு நாள்
வரிசையிலை கிடந்தனாங்கள்?"
நாலு வருடப் பாடத்தில்
இதற்கு ஒரு சமன்பாடு இல்லை.

போன கிழமை தர்மகுலம் அண்ணையின் வளவு.
மிதிவெடி அகற்றிய கடிதத்தை
உறையோடு கொண்டுவந்து காட்டினார்.
துளைத்தோம். செம்மண், களி, பிறகு கல்.
தொண்ணூற்றாறு அடியில் தண்ணீர்.
சேற்றுக்குழியில் இரவு தேங்கியது
விடிய வானவில்லாய் மினுங்கிற்று.

"பிள்ளை, எண்ணெயோ?"
வேலியில் நாலைந்து பேர். ஒரு பெடியன் போனை நீட்டினான்.
யோகநாயகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு
முதல்தடவையாக என்னை "எஞ்சினியர்" என்றார்.

பூவரசங் குச்சியொன்று முறித்தேன்.
எண்ணெயென்றால் கிழித்த இடம் மறுபடி கூடும்.
இரும்புப் படலமென்றால்
பீங்கான்போல் உடைந்து விலகும்.
தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.
ஆனாலும் குச்சியைத் தண்ணீரில் வைக்காமல்
கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உடைந்தது.

"இரும்பு அண்ணை. வடிச்சுக் குடிக்கலாம்."
அவர் முகத்தில் ஏமாற்றமே இல்லை.
தண்ணிக்குத்தானே காசு கட்டினவர்.
உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

இரவு அபுதாபிக் கொம்பனியின் படிவம் திறந்தேன்.
துளையிடல் அனுபவம், ஆழம், கண்டது என்று மூன்று கட்டம்.
தொண்ணூற்றாறு என்று அடித்தேன்.
அலகு என்ற இடத்தில்
மீட்டர் மட்டும்தான் இருந்தது.