கால் வேகத்தில்

வில்லிவாக்கம், மாடி ஹால். ஏசி ஒன்று ஓடவில்லை.
சிவப்புக் கைக்குட்டையை விழுங்கிய முஷ்டியை
நான் இன்னும் திறக்கவில்லை.
"கட்டைவிரல் பிளாஸ்டிக்கு" என்றான்
பிறந்தநாள்காரனின் அண்ணன்.
கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்தானாம்,
பதினோரு தடவை.

ஆமாம் தம்பி, பிளாஸ்டிக்தான்.
கழற்றி அவனிடமே கொடுத்தேன்.
உள்ளே விரல் விட்டுத் துழாவினான். கைக்குட்டை இல்லை.
கூட்டம் அவன் விரலையே பார்த்திருந்தது.
உன் போன் எங்கே?
அவன் அம்மா நம்பர் போட
கேக் பெட்டிக்குள் மணியடித்தது.

அந்த வீடியோவில்
முகம் காட்டாமல் குட்டை உடைக்கும் கைகள்
என்னுடையவை.
போன ஆடியில், ஒரு நிகழ்ச்சியும் இல்லாதபோது,
சமையலறை டியூப்லைட்டில் எடுத்தது.
இடது மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட தழும்பு
பளிச்சென்று தெரியும்.
அங்கே மட்டும் ஒருத்தரும்
நிறுத்திப் பார்க்கவில்லை.