யாராச்சும்

செந்தூல் சந்தையில் மீன்காரர் ஒதுக்கிவிட்ட தராசை
முப்பது வெள்ளிக்கு வாங்கி வந்தேன்.
செதில் இன்னும் ஒட்டியிருந்தது.
மாசிலாமணி அண்ணன் கரண்டியை உயர்த்திக் கேட்டார்:
"சோத்தை நிறுத்தா விக்கப்போறே?"
விக்கிறதை இல்லை, அண்ணே.
வீசுறதை.

மூன்றரை மணி.
கடைசி இலையும் மடிந்த பிறகு
நானும் ரஃபிகுலும் குப்பைத் தோங்கைத் தூக்கி வைத்தோம்.
முள் நடுங்கி, யோசித்து,
இருபத்தொன்றில் நின்றது.
தினசரிக் காலண்டரில்
இராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே
குப்பை 21 கிலோ
என்று எழுதினேன்.

முதல் வாரம் முழுக்க வாடிக்கையாளர்களைத் திட்டினேன்.
வாங்கிய பாகற்காயை
இலையோரத்தில் காக்கைக்கு வைத்ததுபோல்
வைத்துவிட்டுப் போகிறார்களே என்று.
ரஃபிகுல் எங்களிடம் கற்ற தமிழில் சொன்னான்:
"அவங்க வாங்கல, அக்கா.
நாம போட்டது."

கேட்டுப் போட ஆரம்பித்தோம்.
தபால்காரராய் இருந்து ஓய்வுபெற்ற நாகலிங்கத்துக்கு
முகம் சுருங்கிவிட்டது.
"கேட்டுப் போடுறியா, கணக்குப் பாத்துப் போடுறியா?"
ரெண்டும்தாங்க.
கோபத்தில் மூன்று முறை பொரியல் வாங்கினார்.
மூன்றையும் சாப்பிட்டார்.

இரண்டாம் வாரம் ஒரு தோங்கை இரண்டாக்கினேன்.
இலையிலிருந்து திரும்பி வந்தது ஒன்றில்,
இலைக்கே போகாதது இன்னொன்றில்.
இலைத் தோங் ஏழு கிலோ.
அடுக்களைத் தோங் பதினொன்று.
முள்ளைத் தட்டிப் பார்த்தேன்.
பதினொன்றுதான்.

ஒன்றரை மணிக்கு இரண்டாம் உலை வைப்பார் அண்ணன்.
ஏன் என்று நான் கேட்டதில்லை;
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்:
"யாராச்சும் வருவாங்க."

அந்த யாராச்சும் என்பவருக்காக
தினமும் ஐந்து கிலோ சோறு,
ஒரு வாளி சாம்பார்,
முட்டைக்கோஸ், ரசம், போதாததற்குப் பாயசம்.
கடை திறந்த பதினோரு வருஷத்தில்
எங்களிடம் அதிகம் சாப்பிட்டவர் அவர்தான்.
ஒருநாளும் காசு வைத்ததில்லை.
ஒருநாளும் வந்ததில்லை.

பில் தாளின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
மாதத்துக்கு ஆயிரத்து நூறு வெள்ளி,
வாடகையில் ஏறக்குறைய பாதி.
தாளை அண்ணனிடம் நீட்டினேன்.
கண்ணாடி இல்லை என்றார்.
கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது.

உலையை நிறுத்தினோம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சாக்கடை வழியும் மழை,
மணி இரண்டு நாற்பது.
கல்யாண மண்டபம் பார்க்க கோம்பாக்கிலிருந்து வந்த வேன்
வாசலில் நின்று
பன்னிரண்டு பேரை நனைய நனைய இறக்கியது.
பானையில் இரண்டு கரண்டிச் சோறு.

அரிசி தீர்ந்தாலும்
இல்லை என்று சொல்லாத வாய் என்னுடையது.
அந்த வாய் தானாகச் சொன்னது:
"நிறைஞ்சிருக்குங்க."

அவர்கள் ஒன்பது காலி மேசைகளைப் பார்த்தார்கள்.
என்னைப் பார்த்தார்கள்.
கொண்டையில் கனகாம்பரம் வைத்த ஓர் அம்மாள் மட்டும்
புரிந்துகொண்டு சிரித்தார்.
"பரவாயில்லம்மா, நிறைஞ்சே இருக்கட்டும்."
குடைகள் மறுபடி விரிந்தன,
எதிர்வரிசை மீ கடையை நோக்கி.

அண்ணன் அடுப்பைத் துடைத்தார்.
துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தார்.

அன்று அடுக்களைத் தோங் முக்கால் கிலோ:
வெங்காயத் தோல், முட்டைக்கோஸ் தண்டு,
கருகிய ஓர் அப்பளம்.
இதுவரை எழுதியதில் மிகச் சிறிய எண்.
பெருமையாக எழுத நினைத்தேன்.
பேனா ஏனோ அழுந்தி
அடுத்த நாள் தாளிலும் பதிந்தது.

விளக்கணைக்கப் போனபோது கண்டேன்,
மாவு மூட்டைக்குப் பின்னால்
மூடி போட்ட சின்னக் குண்டான்.
திறந்தால்
ஓர் ஆள் சோறு. ஆவி போகவில்லை.

"என்ன அண்ணே இது?"

அவர் முதுகைத்தான் காட்டினார்.
"சும்மா... யாராச்சும்..."

குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்த ரஃபிகுல்
ஈரக் கையோடு வந்து
ஓர் இலையை விரித்தான்.

"நான்தான் அண்ணே."