இறங்காத பன்னிரண்டு பேர்

ரஸாலி வீடு மாறுகிறார்,
ஐந்தறையிலிருந்து ஈரறைக்கு.
சாப்பாட்டு மேசையை மகள் எடுத்துக்கொண்டாள்,
குளிர்பெட்டியை மைத்துனர்.
மீனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"உனக்குத்தான்" என்றார்,
ஈசூன் பணிமனையில் என் கோப்பி ஆறுவதற்குள்.
ஒன்றரை அடி அரோவானா.
சிவப்பாகும் என்று சொல்லி விற்றார்களாம்.
பழைய ஒரு காசின் நிறத்தோடு நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன்.
நாலடித் தொட்டி. அகலம் ஒன்றரை.
மீனும் ஒன்றரை.
கண்ணாடிவரை வரும், நிற்கும்,
உடலை வில்லாக வளைத்து
வால் உரச உரச
ஒருவழியாகத் திரும்பும்.
இடது கண் கீழே சரிந்திருந்தது,
தரையில் எதையோ தொலைத்ததுபோல.

பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு மீட்டர் வண்டியை
மாடிக் கார்நிறுத்தத்துக்குள் விட்டால்
என்ன ஆகும் என்று என் தோளுக்குத் தெரியும்.
ரஸாலி பேசிக்கொண்டிருந்த நேரத்தில்
மீன் ஏழு தடவை திரும்பியது.
ஏழு தடவையும் என் கை
இல்லாத ஸ்டியரிங்கை ஒடித்தது.

சிராங்கூன் நார்த் மீன்கடையில்
குவெக் அளவு நாடாவை மேசைமேல் உருட்டிவிட்டார்.
"எல்லாரும் நீளம் கேட்கிறார்கள்.
அகலத்தைக் கேள் லா.
நேராக மட்டும் போக எந்த மீன் பிறந்தது?"
ஆறடி நீளம், இரண்டடி உயரம்,
அகலம் இரண்டரைக்குக் குறையக்கூடாது.
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்:
தண்ணீர் மட்டும் எண்ணூற்றைம்பது கிலோ.

அதை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன்.
பன்னிரண்டு பயணிகள்.
ஒட்டி நிற்பவர்கள்.
எந்த நிறுத்தத்துக்கும் மணி அடிக்காதவர்கள்.
அவர்களுக்கு நேர் கீழே,
ஒன்பதாம் மாடியில்,
மேடம் சியூ தூங்கிக்கொண்டிருப்பார்.

"தரை தாங்குமா, வீவகவைக் கேள்.
கண்ணாடி நுழையுமா, லிஃப்டை அளந்து பார்.
மனைவியிடம் சொல்லிவிட்டாயா?"
கடைசியைத்தான் அவர் கவலையோடு கேட்டார்.

கோமளா மறுக்கவில்லை, சம்மதிக்கவுமில்லை.
பழைய நாளிதழ்களை ஒட்டி
ஆறுக்கு இரண்டரையாகத் தரையில் விரித்தாள்.
கூடத்தில் போட்டால் வாசல் கதவு பாதிதான் திறந்தது.
எங்கள் அறையில் அலமாரி இடித்தது.
மிச்சம் ஒரே ஒரு சுவர்,
கவினேஷின் கட்டில் கிடக்கும் சுவர்.
கட்டிலை நகர்த்திவிட்டு
அங்கே விரித்தோம்.

சனிக்கிழமை முகாமிலிருந்து வந்தான்,
தோளில் துணிமூட்டை, கழுத்தில் வெயில்.
"வைங்கப்பா. நான் வாரத்துல ஒரு ராத்திரிதானே"
என்று சொல்லிக்கொண்டே
காகிதத்தின்மேல் மல்லாந்தான்.
விளையாட்டுக்குத்தான்.
இரண்டு குதிகாலும்
ஆறடியைத் தாண்டி
வெறும் தரையில் கிடந்தன.

கோமளா நாடாவை இழுத்துக்கொண்டு
நேரே கட்டிலுக்குப் போனாள்.
அவனுக்குப் பதினோரு வயதில் வாங்கியது.
ஐந்தடி நாலங்குலம்.
எட்டு வருடமாக இதில்
எப்படிப் புரண்டு படுத்தாய் என்று
நாங்கள் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
நாடாவை விட்டாள்.
சடக்கென்று உள்ளே சுருண்டது.

குவெக்குக்குத் தெரிந்த உணவகம் ஒன்று இருக்கிறதாம்,
எட்டடித் தொட்டியில் இடம் காலி.
அங்கே கேட்டுச் சொல்லச் சொன்னேன்.
ரஸாலிக்கு என்ன எழுதுவது என்று
மூன்று தடவை தட்டி அழித்தேன்.
அதற்குள் அவரே காணொளி அனுப்பிவிட்டார்:
மீன் வருகிறது, நிற்கிறது, வளைகிறது.
பாதியில் மூடினேன்.

காகிதம் இன்னும் அங்கேதான்.
வரும்போதும் போகும்போதும் சுற்றி நடக்கிறோம்,
அதில் தண்ணீர் இருப்பதுபோல.

இன்று காலை கடைசி வளைவை
வழக்கத்தைவிட அகலமாக எடுத்தேன்.
நின்றிருந்தவர்கள் ஒருபக்கம் சாய்ந்து
நிமிர்ந்தார்கள்.
கண்ணாடியில் எண்ணினேன், பதினான்கு பேர்.
முனையத்தில்
எல்லாரும் இறங்கினார்கள்.